ஒரே வகுப்பு... ஒரே பந்தி!

குட்டீஸ்... காலையில் உங்கள் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஒவ்வொருவராக எழுந்து, "உள்ளேன் டீச்சர்!" என்கிறீர்கள். அந்தப் பதிவேட்டில் வகுப்பில் உள்ள எல்லாருடைய பெயரும் ஒரே பட்டியலில்தானே இருக்கிறது?

அப்படி இல்லாமல், பணம் கட்டிப் படிப்பவர்களுக்கு ஒரு பட்டியல். "இவர்கள் ஏழைகள், பணம் கட்ட வழியில்லாதவர்கள்" என்று இன்னொரு பட்டியல் இருந்தால் எப்படி இருக்கும்? அந்த இரண்டாவது பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது ஊருக்கே தெரிந்தால், மறுநாள் பள்ளிக்கூடம் போக மனசு வருமா?

ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் உள்ள பென்சில்வேனியா மாநிலத்தில் இப்படி ஒரு 'ஏழைகள் பட்டியல்' நிஜமாகவே இருந்தது. அது ஒழிய வேண்டும் என்று சட்டசபையில் வாதாடி ஜெயித்தவர், ஒரு கால் ஊனமான வக்கீல். பெயர், தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். அவர் காலத்தில் வாழ்ந்த, அவரையே, "இன்னும் வேகமாக நடங்கள்" என்று விரட்டிக் கொண்டிருந்த ஸ்டீவன்சைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. வாருங்கள், அவரைச் சந்திப்போம்!

வளைந்த பாதம்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், குளிருக்குப் பேர் போன வெர்மாண்ட் மாநிலம் இருக்கிறது. அங்குள்ள டான்வில் என்ற சிற்றூரில், 1792ம் ஆண்டு ஏப்ரல் 4ல் பிறந்தார் ஸ்டீவன்ஸ். பிறக்கும் போதே அவருடைய ஒரு பாதம் வளைந்திருந்தது. இப்போது இந்தக் குறையைக் குழந்தைப் பருவத்திலேயே மாவுக்கட்டு போட்டுச் சரி செய்து விடுகின்றனர். அந்தக் காலத்தில் அதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, இப்படிப் பிறந்தால் அது கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசியவர்களும் இருந்தனர்.

அப்பா விவசாயி; செருப்பும் தைப்பார். நான்கு பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுவிட்டு, ஒருநாள் எங்கோ போய் விட்டார். குடும்ப பாரம் முழுவதும் அம்மா சாராவின் தலையில் விழுந்தது.

'இந்தப் பிள்ளையால் வயல் வேலை செய்ய முடியாது. படிப்புதான் இவனுக்குக் கைகொடுக்கும்' என்று அந்த அம்மா முடிவு செய்தார். நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்காகவே, பீச்சம் என்ற பக்கத்து ஊருக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். ராப்பகலாக உழைத்து மகனைப் படிக்க வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள், ஸ்டீவன்ஸ் நொண்டி நடப்பது போலவே நடந்து காட்டிச் சிரிப்பார்களாம். அந்தக் கேலி அவரது மனதில் ஆழமாகப் பதிந்தது. ஆனால், அதற்காக அவர் மூலையில் முடங்கி விடவில்லை. நீச்சல் கற்றார், குதிரைச் சவாரியில் கெட்டிக்காரர் ஆனார்.

சுட்டித்தனமும் உண்டு. மாலையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் போடக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் விதி. நண்பர்களோடு சேர்ந்து அதை மீறினார். கடைசியில், 'செய்தது தப்புதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று!

1814ல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்று, வேலை தேடிப் பென்சில்வேனியா மாநிலத்துக்கு வந்தார். யார்க் என்ற ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பகலில் பாடம் நடத்துவது. மற்ற நேரத்தில் சட்டம் படிப்பது என்று ஓயாமல் உழைத்தார். அந்த ஊர் வக்கீல்களுக்கு இது பிடிக்கவில்லை. 'வேறு தொழில் பார்த்துக் கொண்டே சட்டம் படித்தவரை, இங்கு வக்கீலாகச் சேர்க்க மாட்டோம்' என்று ஒரு விதியைக் கொண்டு வந்தனர்.

இளைஞர் மனம் தளரவில்லை. குதிரையில் ஏறினார், மாநில எல்லையைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த மேரிலாண்ட் மாநிலத்துக்குப் போனார். அங்கே பரீட்சை கொடுத்துத் தேறினார். பிறகு திரும்பி வந்து, 1816ல் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

ஜெயித்தும் தோற்ற வழக்கு!

அப்போது அமெரிக்காவில் அடிமை முறை இருந்தது. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்களும், அவர்களின் பிள்ளைகளும், பேரப் பிள்ளைகளும் ஆடு மாடு போல விற்கப்பட்டனர். மேரிலாண்டில் அடிமை முறை உண்டு. அதற்கு வடக்கே உள்ள பென்சில்வேனியாவிலோ, அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க 1780லேயே சட்டம் வந்துவிட்டது. கெட்டிஸ்பர்க் இந்த இரண்டு மாநிலங்களின் எல்லைக்கு அருகில் இருந்தது. எல்லையைத் தாண்டினால் விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கை!

'வெளியில் இருந்து அழைத்து வரப்பட்ட அடிமை, பென்சில்வேனியாவில் ஆறு மாதம் வைக்கப்பட்டால் அவர் சுதந்திர மனிதர்' என்பது அங்குள்ள சட்டம். மேரிலாண்டைச் சேர்ந்த சேரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், அந்தச் சட்டத்தைக் காட்டித் தனக்கும், தன் குழந்தைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். வந்து போன நாட்களை எல்லாம் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது என்பது அவரது வாதம்.

எதிர்த் தரப்பில், அவரை அடிமை என்று சொன்னவருக்காக வாதாடிய வக்கீல் யார் தெரியுமா? நம் ஸ்டீவன்ஸ்தான்!

"ஆறு மாதம் என்றால், இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் இருக்க வேண்டும், விட்டு விட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது" என்று அவர் வாதாடினார். 1821ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக் கொண்டது. வக்கீலுக்கு வெற்றி. அந்தத் தாயும் குழந்தைகளும் மறுபடியும் அடிமைகள்.

'இவ்வளவு நல்லவர் என்கிறீர்களே, இப்படிச் செய்யலாமா?' என்று உங்களுக்குக் கோபம் வருகிறது இல்லையா? வரத்தான் வேண்டும். அவர் செய்தது சட்டப்படி சரியாக இருக்கலாம். நியாயப்படி பெரும் தவறு. அந்த வழக்கைப் பற்றி அவர் மனதில் என்ன நினைத்தார் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு அவர் நடந்த பாதை மாறியது. தப்பி ஓடி வந்த அடிமைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடுபவர் என்று பெயர் எடுத்தார்.

இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். சட்டப் புத்தகங்கள் வாங்குவதற்காக 300 டாலரைச் சேர்த்து எடுத்துக் கொண்டு, பால்டிமோர் நகருக்குக் கிளம்பினாராம். வழியில் தங்கிய விடுதியில் ஒரு பெண் அழுது கொண்டிருந்தார். அவருடைய கணவரை எங்கோ தூர தேசத்துக்கு விற்கப் போகின்றனர் என்று தெரிந்தது. கையில் இருந்த பணத்தைக் கொடுத்து அந்த மனிதரை விடுவித்து விட்டு, புத்தகம் வாங்காமலேயே வீடு திரும்பினாராம் ஸ்டீவன்ஸ்.

ஏழைகள் பட்டியல்!

1833ல் பென்சில்வேனியா சட்டசபை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்போது அந்தப் பட்டியல் கதைக்கு வருவோம்.

அந்த மாநிலத்தில் 1809ல் ஒரு சட்டம் போட்டிருந்தனர். பிள்ளைகளுக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோர், 'நாங்கள் ஏழைகள்' என்று சொல்லித் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தில் படிப்பு கிடைக்கும். கேட்பதற்கு நல்ல திட்டம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன?

மானத்துக்குப் பயந்த பெற்றோர், பெயர் கொடுக்கவே இல்லை. 'பிச்சைக்காரர் பட்டியலில் பெயர் வருவதைவிட, பிள்ளை படிக்காமலே இருக்கட்டும்' என்று இருந்து விட்டனர். பெயர் கொடுத்தவர்களின் பிள்ளைகளோ, மற்றப் பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளாயினர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுத்து வாசனையே இல்லாமல் வளர்ந்தனர்.

இதை மாற்ற 1834ல் புதிய சட்டம் வந்தது. ஜார்ஜ் உல்ஃப் என்ற கவர்னர் அதற்காகப் பாடுபட்டார். ஊர் தோறும் பள்ளிக்கூடம். செலவை எல்லாரும் வரியாகப் பகிர்ந்து கொள்வது. பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவது... இதுதான் அந்தச் சட்டம். பட்டியல் கிடையாது!

சட்டம் வந்த போது எதிர்ப்பு அதிகம் இல்லை. வரி என்றதும்தான் வந்தது வினை. "எனக்குப் பிள்ளையே இல்லை; நான் எதற்கு வரி கட்ட வேண்டும்?" என்றனர் சிலர். "ஊரான் பிள்ளையைப் படிக்க வைக்க என் பணமா?" என்றனர் நிலக்காரர்கள். "எங்கள் சர்ச் நடத்தும் பள்ளியே எங்களுக்குப் போதும்" என்றனர் வேறு சிலர். 'சட்டத்தை ரத்து செய்' என்று கேட்டு, 30,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டனர். ரத்து செய்வதாக வாக்குக் கொடுத்த பலர், அடுத்த தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தனர்.

பென்சில்வேனியாவில் சட்டசபைக்கு இரண்டு அவைகள். மேலவையான செனட் சபை, 1835ல் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போட்டு விட்டது. அடுத்தது கீழவை. அங்கும் ரத்து நிச்சயம் என்றே எல்லாரும் நினைத்தனர்.

ஸ்டீவன்சின் தொகுதி மக்களும் அவரிடம், "ரத்து செய்யத்தான் நீங்கள் ஓட்டுப் போட வேண்டும்" என்று சொல்லி அனுப்பி இருந்தனர். இன்னொரு சிக்கல் வேறு... கவர்னர் உல்ஃப், ஸ்டீவன்சின் அரசியல் எதிரி. 'ஃப்ரீமேசன்' என்ற ரகசிய அமைப்பை ஒழிக்க வேண்டும் என்பது ஸ்டீவன்ஸ் கட்சியின் கொள்கை. உல்ஃபோ அந்த அமைப்பில் உறுப்பினர்!

ஒரு பேச்சு... ஒரு வெற்றி!

1835ம் ஆண்டு ஏப்ரல் 11. ஸ்டீவன்ஸ் பேச எழுந்தார். அப்போது அவருக்கு வயது 43.

ரத்து செய்யும் சட்டத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் தெரியுமா என்று கேட்டார். 'ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம்' என்று வையுங்கள். அப்போதுதான், பணக்காரனையும் ஏழையையும் ஊருக்குப் பார்த்ததும் தெரியும் என்று குத்திக் காட்டினார்.

பிள்ளை இல்லாதவர் ஏன் பள்ளி வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். கோர்ட், ஜெயில் இவற்றுக்கு ஆகும் செலவையும் எல்லாரும்தான் வரியாகக் கட்டுகின்றனர். கோர்ட் படியையே மிதிக்காதவரும் கட்டுகிறார். குற்றவாளியைத் தண்டிக்கச் சந்தோஷமாகப் பணம் கொடுப்பவர், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க மூக்கால் அழலாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்தால் உனக்கும் நன்மை; நல்ல சட்டமும், நல்ல ஆட்சியும் அதனால்தான் நிலைக்கும். இதுதான் அவர் வாதம்.

கவனியுங்கள்... ஸ்டீவன்ஸ் திருமணமே செய்து கொள்ளாதவர். பள்ளிக்கு அனுப்ப அவருக்கு ஒரு பிள்ளை கூட இல்லை!

அதோடு, எதிர்க் கட்சிக்காரரான கவர்னரை மனம் திறந்து பாராட்டவும் செய்தார். நல்ல காரியம் யார் செய்தாலும் நல்ல காரியம்தான் என்று, தன் கட்சிக்காரர்களையே கேட்டுக் கொண்டார்.

பேச்சு முடிந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. ரத்து செய்ய வந்தவர்கள் பலர் மனம் மாறி இருந்தனர். சட்டம் பிழைத்தது, இலவசப் பள்ளி நிலைத்தது! அந்த ஆண்டு நடந்த தேர்தலில் கவர்னர் உல்ஃப் தோற்றார். ஆனால், அவர் போட்ட சட்டம் தோற்கவில்லை.

தன் வாழ்நாளில் தான் செய்தவற்றிலேயே மிகவும் பயனுள்ளது இந்தப் பேச்சுதான் என்று, பிற்காலத்தில் ஸ்டீவன்ஸ் கருதினார்.

கையெழுத்துப் போட மாட்டேன்!

1837ல் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு குழு கூடியது. அதில் ஸ்டீவன்சும் ஒருவர். அதுவரை அந்த மாநிலத்தின் சில பகுதிகளில், சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டு வந்தனர். புதிய சட்டத்தில், 'வெள்ளையர் மட்டும்' ஓட்டுப் போடலாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்து விட்டனர். பல மாத உழைப்பு. குழுவில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டனர். ஸ்டீவன்சோ பேனாவைத் தொட மறுத்து விட்டார். அந்த ஒரு சொல் இருக்கும் காகிதத்தில் தன் பெயர் இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

1842ல் லங்காஸ்டர் நகரத்துக்குக் குடிபோனார். இரும்பு உருக்காலை நடத்தியதில் பெரும் கடன். அதை அடைக்க ராப்பகலாக வழக்குகள் நடத்தினார்.

1850ல் அமெரிக்க அரசு ஒரு கொடிய சட்டம் போட்டது. தப்பி ஓடும் அடிமையைப் பிடிக்க, பொதுமக்களும் உதவ வேண்டும் என்றது அந்தச் சட்டம். மறு ஆண்டே, லங்காஸ்டர் மாவட்டத்தில் உள்ள கிறிஸ்டியானா என்ற ஊரில் மோதல் வெடித்தது. தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க மேரிலாண்டில் இருந்து வந்த பண்ணையார், அங்கே கொல்லப்பட்டார். பிடிக்க உதவாமல் நின்றார் என்பதற்காக, காஸ்ட்னர் ஹான்வே என்ற மாவு மில்காரர் மீது தேசத் துரோக வழக்குப் போட்டனர். அவரோடு சேர்த்து மொத்தம் 38 பேர் மீது வழக்கு! ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்சும் ஒருவர். வழக்கைக் கேட்ட ஜூரிகள், 15 நிமிடத்தில் 'குற்றவாளி இல்லை' என்று சொல்லி விட்டனர்.

சேரிட்டி பட்லர் வழக்கில் எந்தப் பக்கம் நின்றாரோ, 30 ஆண்டுகளுக்குப் பின் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் நின்றார் ஸ்டீவன்ஸ்.

வாஷிங்டனில்...

அமெரிக்காவின் பார்லிமென்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் லோக்சபா போல அங்கே பிரதிநிதிகள் சபை; ராஜ்யசபா போல செனட் சபை. ஸ்டீவன்ஸ் 1849ல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். நான்கு ஆண்டுகள் இருந்தார். பிறகு 1859ல் மீண்டும் வந்தவர், சாகும் வரை அங்கேயே உறுப்பினராக இருந்தார்.

1861ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்ற, தென் மாநிலங்கள் பிரிந்து போயின. போருக்குப் பணம் திரட்டும் நிதிக் குழுவுக்கு ஸ்டீவன்ஸ்தான் தலைவர். 1863ல், கெட்டிஸ்பர்க்கில் பெரும் போர் நடப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தென்னகப் படையினர் அவருடைய இரும்பு உருக்காலையைத் தேடிப் போய்த் தீ வைத்துக் கொளுத்தினர். அவர் மீது அவ்வளவு ஆத்திரம்!

நாட்டை ஒன்று சேர்ப்பது முக்கியம் என்று நிதானமாக அடி எடுத்து வைத்தார் லிங்கன். 'அடிமைகளை இப்போதே விடுவியுங்கள்; அவர்கள் கையில் துப்பாக்கி கொடுங்கள்' என்று அவசரப்படுத்தினார் ஸ்டீவன்ஸ். வேகம்தான் வேறு, இருவரும் சென்ற திசை ஒன்று. 1865ம் ஆண்டு ஜனவரி 31ல், அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் 13வது சட்டத் திருத்தம், பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்ற ஓட்டுக் கணக்கில் நிறைவேறியது.

விடுதலை மட்டும் போதுமா? கையில் காசில்லை, காணி நிலம் இல்லை, ஓட்டுரிமை இல்லை. பெரும் பண்ணையார்களின் நிலத்தை எடுத்து, விடுதலை பெற்றவர்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்றார் ஸ்டீவன்ஸ். அது நடக்கவில்லை.

அடுத்து வந்தது 14வது சட்டத் திருத்தம். 'அமெரிக்க மண்ணில் பிறந்தவர் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள். எல்லாருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு சமம்' என்பது அதன் சாரம். ஆனால், கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையை அது நேரடியாக உறுதி செய்யவில்லை. ஸ்டீவன்சுக்குப் பெருத்த ஏமாற்றம். "குறை இருந்தும் இதை ஏற்கிறேன். ஏனென்றால், நான் வாழ்வது மனிதர்கள் நடுவே; தேவதைகள் நடுவே அல்ல" என்று 1866 ஜூன் மாதம் சபையில் சொன்னார். முழுதாகக் கிடைக்கவில்லை என்பதற்காக, கிடைத்ததையும் கை நழுவ விடக் கூடாது என்று புரிந்து வைத்திருந்தார்.

லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற மக்களுக்கு உரிமை தருவதற்கு முட்டுக்கட்டை போட்டார். 1868ல் அவரைப் பதவியில் இருந்து நீக்க, ஸ்டீவன்ஸ் முன்னின்று போராடினார். செனட் சபையில் ஒரே ஒரு ஓட்டுக் குறைந்ததால் ஜான்சன் தப்பினார்.

சிரிக்கவும் வைப்பார்!

கண்டிப்பான மனிதர்தான். ஆனால், வாயைத் திறந்தால் சபையே சிரிக்குமாம்.

சைமன் கேமரான் என்ற அரசியல்வாதியை மந்திரி ஆக்குவது பற்றிப் பேச்சு வந்தது. "அவர் நேர்மையானவரா?" என்று லிங்கன் விசாரித்தார். "பழுக்கக் காய்ச்சிய அடுப்பை மட்டும் திருட மாட்டார்" என்றார் ஸ்டீவன்ஸ். செய்தி கேமரான் காதுக்குப் போக, "சொன்னதை வாபஸ் வாங்குங்கள்" என்று குதித்தார். உடனே ஸ்டீவன்ஸ், "பழுக்கக் காய்ச்சிய அடுப்பைத் திருட மாட்டார் என்று சொன்னேன், அதை வாபஸ் வாங்கிக் கொள்கிறேன்" என்றாராம்!

நோயால் அவருக்குத் தலைமுடி முழுவதும் கொட்டி விட்டது. 'விக்' வைத்திருப்பார். இது தெரியாத ஒரு பெண்மணி, "நினைவாக வைத்துக் கொள்ள, உங்கள் முடியில் கொஞ்சம் தருவீர்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் என்ன... முழுவதுமே எடுத்துக் கொள்ளுங்கள்" என்று விக்கைக் கழற்றி நீட்டினாராம்!

கடைசிக் காலத்தில் நடக்க முடியவில்லை. இரண்டு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிச் சபைக்குக் கொண்டு வருவார்கள். "நீங்கள் இருவரும் செத்துப் போன பிறகு, என்னை யார் தூக்குவது?" என்று அவர்களிடம் கேட்டுச் சிரிப்பாராம், 76 வயதுக் கிழவர்!

ரோஜாச் செடியும் ஒரே பந்தியும்!

1868ம் ஆண்டு ஜூலையில் 14வது சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்ணால் பார்த்து விட்டு, அடுத்த மாதம் 11ம் தேதி நள்ளிரவில் காலமானார். அவரது உடல், நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் வைக்கப்பட்டது. அதற்குக் காவல் நின்றவர்கள், கறுப்பினப் படை வீரர்கள்.

அவருடைய உயிலைப் படித்தால் நெஞ்சம் நெகிழும்.

கஷ்டப்பட்டுப் படிக்க வைத்த அம்மாவுக்கு, நன்றாகச் சம்பாதிக்கத் தொடங்கியதும் ஒரு பண்ணையும், பால் மாடுகளும் வாங்கிக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான் என்பார். உயிலில், அம்மாவின் கல்லறையைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கி, 'ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதன் நான்கு மூலைகளிலும் ரோஜாவும், மனதுக்கு மகிழ்ச்சி தரும் வேறு பூக்களும் நட வேண்டும்' என்று எழுதி இருந்தார்.

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் கட்டவும் பணம் வைத்திருந்தார். இனம், நிறம் பார்த்து யாரையும் தள்ளக் கூடாது. பெற்றோரின் மதத்தைக் காரணம் காட்டியும் தள்ளக் கூடாது. எல்லாரும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பந்தியில்தான் சோறு போட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

அவர் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அப்படித்தான். லங்காஸ்டரில் இருந்த பெரிய கல்லறைத் தோட்டங்களில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். 'எல்லா மனிதரையும் ஏற்கும் இடத்தில்தான் எனக்கும் இடம் வேண்டும்' என்று, ஒரு சிறிய கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கடவுள் முன் மனிதர் எல்லாரும் சமம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னதைச் சாவிலும் காட்டவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்ற பொருளில், கல்லறைக் கல்லில் பொறிக்க அவரே வாசகம் எழுதி வைத்தார்.

86 ஆண்டுகளுக்குப் பின்...

ஸ்டீவன்ஸ் மறைந்த பிறகு, சட்டத்தில் இருந்த சமத்துவம் நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. பழைய ஏழைகள் பட்டியல் போன இடத்தில், நிறப் பட்டியல் வந்து உட்கார்ந்து கொண்டது.

கான்சாஸ் மாநிலம் டொபேகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமி இருந்தாள். வீட்டுக்கு அருகிலேயே பள்ளி இருந்தும், கறுப்பினச் சிறுமி என்பதால் அங்கே சேர்க்கவில்லை. தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டி இருந்தது. அவளைச் சேர்க்காத பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? சம்னர் பள்ளி! செனட் சபையில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய, ஸ்டீவன்சின் தோழர் சார்லஸ் சம்னரின் பெயர்.

லிண்டாவின் அப்பாவும், மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டனர். 1954ம் ஆண்டு மே 17ல், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 'அரசுப் பள்ளிகளில் குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரிப்பது சட்ட விரோதம்' என்றனர். அந்தத் தீர்ப்புக்கு அவர்கள் காட்டிய ஆதாரம், 14வது சட்டத் திருத்தம். ஆம்... குறை இருக்கிறது என்று வருத்தப்பட்டுக் கொண்டே ஸ்டீவன்ஸ் ஓட்டுப் போட்ட அதே திருத்தம்தான்!

குட்டீஸ்... உங்கள் வகுப்பிலும் பழைய சட்டை போட்டு வருபவன் இருப்பான். நடக்கச் சிரமப்படுபவள் இருப்பாள். அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று நாளைக்குக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தனியாக இருந்தால், உங்கள் டிபன் பாக்சை எடுத்துக் கொண்டு அங்கே போய் உட்காருங்கள். அதற்குச் சட்டம் எதுவும் தேவை இல்லை!

சில துளிகள்!

* ஸ்டீவன்சின் உயிலில் இருந்து பிறந்த பள்ளி, 1905ல் லங்காஸ்டரில் தொடங்கப்பட்டது. இன்று அது, தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி.

* வாஷிங்டன் நகரில், கறுப்பினக் குழந்தைகளுக்காக 1868ல் கட்டிய பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர், 1977ல் தன் மகள் ஏமியை இந்தப் பள்ளியில்தான் சேர்த்தார்.

* அவர் வீட்டை 20 ஆண்டுகள் போல நிர்வகித்தவர், லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணி. பின்னாளில் அந்த வீட்டையே அவர் விலைக்கு வாங்கினார்.

* 2000மாவது ஆண்டுகளின் தொடக்கத்தில், லங்காஸ்டரில் அவர் வீட்டுப் பின்புறம் ஆய்வாளர்கள் தோண்டிய போது, பழைய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. தப்பி வந்த அடிமைகளை அதில் ஒளித்து வைத்திருக்கலாம் என்று கருதுகின்றனர்.

* 2012ல் வெளியான 'லிங்கன்' என்ற ஆங்கிலப் படத்தில், ஸ்டீவன்ஸ் வேடத்தில் நடித்தவர் டாமி லீ ஜோன்ஸ்.